இடுப்புக்குப் பலம்

"யாருடி அவன்? பேரைச் சொல்லு, இப்பவே—"

"யாருமே இல்லம்மா, எத்தினி தபா சொல்றது—"

"யாரும் இல்லாமத்தான் மாசக்கணக்கா தூரமே ஆவாம கீறியா? ஸ்டேஷன்ல மயங்கி வுழுந்துட்டு வர, கேட்டா முழிச்சிகினு நிக்கிற!"

சாமுண்டீஸ்வரி குரலை அடக்கிக்கொண்டுதான் கத்தினாள். கள்ளிக்குப்பத்தில் பக்கத்து வீட்டுச் சுவரும் அவர்கள் சுவரும் ஒன்று. குக்கர் விசிலடித்தபோது மட்டும், அந்தச் சத்தத்தின் மறைவில், குரலை உயர்த்தி இன்னொரு முறை கேட்டாள்.

திட்டு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவனுக்கு, எங்கோ யாரோ யாரையோ திட்டுவதுபோல் இருந்தது. வீட்டுக்கு அவன் தேவிப்பிரியா. கல்லூரியில் இரண்டே இரண்டு நண்பர்களுக்கு இளங்கோ. தான் ஆண் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், உடம்புக்குத்தான் தெரியவில்லை. அதன்மேல் கோபித்துக்கொண்டு சோற்றைக் குறைத்தான். இடுப்பு வற்றியது, மாதவிலக்கு நின்றது. கூடவே முடி கொட்டியது. வெயிலிலும் குளிரெடுத்தது. நிம்மதி வரும் என்று பார்த்தான், அது வரவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை.

மறுநாள் சாமுண்டீஸ்வரி அவனை அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"நீங்க பயப்படற மாதிரி எதுவும் இல்லைங்க," என்றார் டாக்டர். "ஆனா ரத்தம் ரொம்பக் கம்மி. சாப்பாட்டையே ஒதுக்கிருக்கா. விட்டா இதயத்துக்கே ஆபத்து. ஏன் சாப்பிடலன்னு ஒக்காந்து கேளுங்க. மனசுக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க."

முதல் வாக்கியத்தோடு சாமுண்டீஸ்வரியின் காது அடைத்துக்கொண்டது. வாசலிலேயே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாங்க, ஒண்ணும் இல்லியாம்! மானம் தப்பிச்சுது."

"வயித்துல பால வார்த்த," என்றான் எத்திராஜ். "அப்ப பூந்தமல்லிகாரங்கள பொண்ணு பாக்க வரச் சொல்லிடட்டா?"

"இருங்க, கொஞ்சம் சதை வெக்கட்டும். குச்சியாட்டம் கீறா."

அன்று மாலையே உளுந்தங்களி கிண்டினாள். பெரியவளான பெண்ணுக்குச் சடங்கு வீட்டில் ஊட்டுவார்களே, அந்தக் களிதான். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"துன்னு கண்ணு. இடுப்பு நல்லா அகலமாவும். நாளைக்கிப் புள்ள பெக்கசொல்ல தெரியும் இதோட அரும."

எண்ணெய் பளபளத்தது. அவனுக்குப் பசித்தது. கை தட்டுவரை போய்த் திரும்பியது.

"ஏன் துன்ன மாட்டேங்கிறேன்னு டாக்டரு கேக்கச் சொன்னாங்களேம்மா. கேக்கலியா நீ?"

"இன்னாத்த கேக்கறது? அதான் உன்மேல தப்பில்லன்னு தெரிஞ்சிபோச்சே. ஆறிடப்போவுது, வாயத் தொற."

உருட்டிய களி அவன் உதட்டருகே நின்றது. அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் வலுவே இல்லை, விடவும் இல்லை.

"நான் பொண்ணு இல்லம்மா. இளங்கோ. அந்தப் பேரச் சொல்லி ஒரே ஒருவாட்டி சாப்ட கூப்புடு, இந்தக் களியக்கூட துன்றேன்."