கழன்றுபோன ரிவர்ஸ் கியர்

"ட்ரெயிலர் போட்டு ஓட்டிப் பழக்கம் இருக்கா?" என்று தோட்டத்தை நடத்தும் தொரை கேட்டபோது, மதுரன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "இருக்குங்க சார்" என்றான். லிந்துலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ட்ரக்டர் சாரதி வேலை காலியாவது எப்போதாவது ஒருமுறைதான். அவன் கையில் லைசன்ஸ் இருந்தது. தலவாக்கலையில் சில வருஷம் ஆட்டோ ஓட்டிய தைரியமும் இருந்தது. பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதில் அப்படியென்ன பெரிய வித்தை இருந்துவிடப் போகிறது என்று நினைத்தான். முன்னால் போகிற வரைக்கும் ஒரு வித்தையும் இல்லைதான்.

வினை கீழ் டிவிசன் மடுவத்தில் காத்திருந்தது. கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகை, தோட்ட ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு குறுகிய பாதையின் முடிவில் இருந்தது. பாதைக்கு ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணி ஓடும் ஆழமான கான். கீழே வண்டியைத் திருப்ப இடமே இல்லை. அதனால் மேலே வளைவில் நிறுத்தி, அங்கிருந்து ட்ரெயிலரைப் பின்னுக்கே இறக்கவேண்டும்.

முதல் நாள் பின்னேரம் மதுரன் ஆட்டோவை எடுப்பதுபோல ஸ்டேரிங்கை வலதுக்கு ஒடித்தான். ட்ரெயிலர் இடதுக்குப் போயிற்று. பதறிப்போய் இன்னும் வலதுக்கு ஒடித்தான். அது இன்னும் இடதுக்கு மடங்கி, ஒரு சக்கரத்தைக் கானுக்குள் விடப் பார்த்தது. முன்னுக்கு எடுத்து நேராக்கி, மறுபடி இறக்கினான். மறுபடியும் அதே கூத்து. கீழே கொழுந்துச் சாக்குகளோடு இருபது முப்பது பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

"என்ன தம்பி, வரலியா?" என்று கீழேயிருந்து கேட்டாள் வேலாயி. தோட்டத்துப் பெண்களின் சங்கத் தலைவி அவள். தொரையின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசக்கூடிய ஒரே ஆள்.

"ரிவர்ஸ் கியர் நிக்க மாட்டேங்குதுக்கா. போடப் போடக் கழண்டுக்குது."

பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அதைவிடக் குறைந்த வார்த்தைகள் போதும். ஆனால் அந்த வார்த்தைகள் வரவில்லை.

"பாவம், புதுப் புள்ளைக்கு ஒடஞ்ச வண்டியக் குடுத்திருக்காங்க பாரேன்" என்றாள் வேலாயி. அதோடு பெண்கள் சாக்குகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். பகல் முழுக்க மலையில் நின்று பறித்துவிட்டு வந்த கால்கள். மதுரன் வளைவில் ட்ரெயிலரின் மேல் நின்று, ஒவ்வொரு சாக்காக வாங்கி அடுக்கினான். யாருடைய முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நிறுவை முடிந்தால் சரி என்று, எடையை எழுதும் கணக்கப்புள்ளை கண்டுகொள்ளவில்லை. பெண்களோ அவனை ஒருநாளும் நொந்துகொள்ளவில்லை. ஒருத்தி தன் ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "பாத்து ஓட்டு தம்பி, பிரேக்காவது ஒழுங்கா இருக்கா?" என்று இன்னொருத்தி விசாரித்தாள். நாலு வசவு கிடைத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமை போனது. ஒரு மழைப் பின்னேரம் அந்தப் பெண்களில் ஒருத்தியான ஜெயந்தினி சாக்கோடு மேட்டில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. வேலாயி அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு நேராக ட்ரக்டருக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலம்பற பெரட்டுல கேக்கப் போறோம். வண்டியச் செஞ்சு குடுக்காம ஒருத்தியும் மலைக்கு ஏற மாட்டா."

மதுரன் அவசரமாகக் கையை அசைத்தான். "வேணாங்கக்கா. நானே தொரைக்கிட்ட சொல்றேன்."

"நீ சொன்னா ஒன்னத்தான் ஏசுவாரு. பயப்படாத தம்பி, நாங்க இருக்கோம்ல."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது, பக்கத்தில் வேறு யாருமில்லை, கேட்டுக்கொண்டு நின்றது அவள் மட்டும்தான். வெட்கங்கெட்ட மனுஷன், "சரிங்கக்கா" என்றான். லயத்தில் தன் அறைக்குப் போன பிறகு, ஏதாவது ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டால் பொய் உண்மையாகிவிடுமே என்றுகூட யோசித்தான். அதற்கும் துணிச்சல் வரவில்லை.

வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு கூடுகிற இடம் அந்த வளைவுதான். காலையில் பெண்கள் கூடைகளைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கங்காணி கத்திப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. தொரையின் ஜீப் வந்தது. வேலாயி முன்னால் போனாள்.

"ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டிங்க தொரை. இந்த மேட்டுல நாங்க சொமந்து ஏறுறோம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். எறக்கத்துல அந்தப் புள்ள உசுருக்கு என்னா உத்தரவாதம்? அவனும் ஒரு தாய்க்குப் பொறந்தவன்தானுங்களே."

பெண்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். தனக்காக ஒரு கூட்டமே நின்று பேசுவதை மதுரன் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடவேண்டும் போலிருந்தது.

தொரை ஸ்டோருக்குப் போன் போட்டார். மெக்கானிக் சிறில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ட்ரக்டரில் ஏறி கியரைப் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். பிறகு உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, ஒற்றைக் கையால் ஸ்டேரிங்கை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே, ட்ரெயிலரை மடுவத்து வாசல்வரை இறக்கி நிறுத்தினார். கானுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சமிருந்தது. மேலே நடந்து வந்து, "கியர்ல ஒரு கொறையும் இல்ல சார்" என்றார்.

தொரை வேலாயியைப் பார்த்தார். வேலாயி மதுரனைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் முதலில் கேள்விதான் இருந்தது. அவன் தலையைக் குனிந்ததும் அது போய்விட்டது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனைக் கைகாட்டி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும். அவள் தொரையின் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு வண்டியப் பத்தி என்னாங்க தெரியும். நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம். மன்னிச்சுக்கங்க தொரை."

மதுரன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் பிற்பாடு அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பயம்தான். ஆனால் அவள் மன்னிப்புக் கேட்டதை ஊமைபோலப் பார்த்துக்கொண்டு நின்றது அவன்தானே.

அன்றைக்கு எல்லோருக்கும் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழுந்தது. பின்னேரம் அவன் வேலாயியைத் தேடிப் போனான். அவள் பீலியில் கொட்டுகிற தண்ணியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. எனக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள் அவள், கோபமில்லாமல். "நீ பழகுற வரைக்கும் சொமந்துருப்போம். எங்களுக்கு அது புதுசா?"

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெறும் ட்ரெயிலரோடு மல்லுக்கட்டினான். ஸ்டேரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கமே ட்ரெயிலரும் போகும் என்பது மெல்ல மெல்ல விளங்கியது. மடங்கத் தொடங்கும்போதே திருத்த வேண்டும், மடங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பதும் விளங்கியது. மாரியம்மன் கோயில் திருவிழா வருவதற்குள் சிறிலைப் போலவே ஒற்றைக் கையால் இறக்கப் பழகிவிட்டான். பெண்கள் மேட்டில் சுமந்து ஏறுவது நின்றது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தன் கணக்கு தீர்ந்துவிட்டது என்றே அவன் நினைக்கத் தொடங்கியிருந்தான்.

ஒரு பின்னேரம் தொரை மடுவத்தில் நிறுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதுரன் ட்ரெயிலரை வாசலுக்குக் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். தொரை "நல்லது" என்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து வேலாயி அவர் பக்கத்தில் போனாள்.

"ஏழாம் நம்பர் மலைக்குப் போற பாலத்துப் பலகையெல்லாம் உளுத்துப்போச்சுங்க தொரை. கால வைக்கவே பயமா இருக்கு. கொஞ்சம் மாத்திக் குடுத்தீங்கன்னா நல்லது."

தொரை சிரித்தார். "அந்தப் பாலமும் ட்ரக்டர் கியர் மாதிரிதானா, வேலாயி?"

கணக்கப்புள்ளையும் சேர்ந்து சிரித்தார். வேலாயி குனிந்து தன் சாக்கைக் கட்டத் தொடங்கினாள். கியர் விஷயத்துக்கு முன்னால் அவள் ஒன்று கேட்டால் தொரை சிரித்ததில்லை.

மதுரன் ட்ரக்டரிலிருந்து குதித்து இறங்கினான். "நெசந்தாங்க சார். நானே பாத்தேன். அக்கா சொல்றது சத்தியமா உண்மை. அந்தக் கியர் விஷயம்கூட நான் சொன்ன பொய்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தொரை அவனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் போல. ஆச்சரியப்படவில்லை.

"நீயா சாட்சி சொல்ற?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பெண்கள் சாக்குகளை ஏற்றி முடித்தார்கள். மேல் லயத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. அவர்கள் ஒவ்வொருத்தராக, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பலகையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து அதைக் கடந்துபோவதை மதுரன் வளைவில் நின்று பார்த்தான்.