சுவிட்சில் வைத்த சந்தனம்

எனக்கு ஆஸ்திரேலியா போக வேண்டும். ஏன் என்று கேட்பவர்களிடம் ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சி ஜெயசித்ரா அங்கே இருக்கிறாள், சம்பளம் நன்றாக வரும், காற்று சுத்தம். எல்லாம் பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. உண்மை இதுதான். எனக்கு நாற்பத்தொரு வயசு. சாவதற்குள் என்னைத் தெரியாத ஒரு தெருவில் கொஞ்ச நாளாவது நடக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் புதுச் செருப்பு போட்டால்கூட முக்குக் கடையில் "என்ன பரிபூரணம், பழசு அறுந்துட்டா?" என்று கேட்கிறார்கள்.

போவதற்கு வழி என் வீட்டுக்காரர் சாம்சன்தான். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதினாறு வருஷமாக ஃபிட்டர். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். துணி மடிக்கிறவளை எந்த நாடும் கூப்பிடுவதில்லை. ஃபிட்டரைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவருக்கு நிஜமாகவே தொழில் தெரியும் என்று அங்கேயிருந்து ஒருத்தர் பார்த்து எழுதித் தர வேண்டும். அதுவும் நாற்பத்தைந்து வயசு ஆவதற்குள். சாம்சனுக்கு அக்டோபர் இருபத்தெட்டில் நாற்பத்தைந்து. அதற்கப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது.

முதலில் போட்டோ கேட்டார்கள். வேலை பார்க்கிற போட்டோ, வருஷத்துக்கு ஒன்றாவது. மில்லுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுவார்கள், ஆயுத பூஜைக்கு. அதனால் எங்களிடம் இருந்தது பதினாறு ஆயுத பூஜை போட்டோ. ஓரமாக வாழைக்கன்று, நடுவில் மாலை போட்ட ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு மெஷின், பக்கத்தில் நெற்றியில் சந்தனத்தோடு சாம்சன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற அதே சாம்சன்தான். பதினாறையும் அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "இணைக்கப்பட்ட படங்கள் எதிலும் விண்ணப்பதாரர் வேலை செய்யவில்லை. இயந்திரமும் ஓடவில்லை. பெரும்பாலான படங்களில் அவர் இயந்திரத்தை வணங்குகிறார். அவருடைய பணி மதச் சடங்கு சார்ந்ததா? ஆம் எனில் மதகுருமார் பிரிவில் புதிதாக விண்ணப்பிக்கவும்."

நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சாம்சன் சிரிக்கவில்லை. "மதகுருமாருக்கு வயசு வரம்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்து எரிந்து விழுந்தேன்.

அவர் ஃபிட்டர்தான், பூசாரி இல்லை என்று நான் நாலு பக்கம் எழுதிய பிறகு, சரி, மில்லில் வைத்தே வீடியோவில் நேராகப் பார்க்கிறோம் என்றார்கள். கம்ப்யூட்டர் தேதிகளைக் காட்டியது. அக்டோபரில் காலியாக இருந்தது ஒன்றாம் தேதி மட்டும்தான், அதை விட்டால் டிசம்பர். மற்ற நாளில் ஓடுகிற மில்லை நிறுத்தி வீடியோ எடுக்க எந்த முதலாளி விடுவார்? ஒன்றாம் தேதி மில்லுக்கு லீவு, லீவு நாளில் கேட்டில் போனைப் பிடுங்க ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அமுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சாம்சன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது என்ன லீவு என்று நான் யோசிக்கவே இல்லை. ஆயுத பூஜை.

அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் போய் இறங்கினோம். மில்லில் பூஜை முடிந்து, சாம்பிராணிப் புகை ஷெட் முழுக்க நின்றது. ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் வாழையிலையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் சந்தனம் குங்குமம். மெயின் சுவிட்சுக்குப் பெரிய பொட்டு, அதன் மேலே மாவிலை. மேனேஜர் சங்கரலிங்கம் நல்ல மனுசன், எங்களுக்காக ஷெட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருந்துக்கோங்கம்மா. ஆனா பூஜை போட்ட சாமானை நாளைக்குக் காலையில எடுத்தாத்தான். மெஷினும் அப்படித்தான். அது உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

வீடியோவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. புது ஸ்பேனர் வாங்கி வருகிறேன் என்று வெளியே ஓடினேன். ஹார்டுவேர் கடை சமுத்திரம் அண்ணாச்சி, "கடைக்குப் பூஜை போட்டாச்சு தாயி, இன்னைக்கு யாவாரம் ஆகாது" என்று ஒரு பொட்டலம் பொரிகடலையைக் கையில் வைத்தார். பஞ்சர் கடையில் ஒரு பொட்டலம். லேத் பட்டறையில் ஒரு பொட்டலம், கூட வாழைப்பழம். ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஸ்பேனர் கொடுக்க அந்த ஊரில் நாதியில்லை. மூன்று பொட்டலம் பொரியோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தேன்.

"ஏங்க, நீங்க கிறிஸ்தவர்தான? உங்களுக்கென்ன இதெல்லாம்? மாலையைத் தள்ளிட்டு எடுங்க" என்றேன்.

சாம்சன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வருசம் பூரா ராப்பகலா ஓடுதுட்டி. ஒரு நாள் நிக்கட்டும். நான் தொடமாட்டேன்."

"இருபத்தெட்டாம் தேதி நெனப்பிருக்கா?"

"இருக்கு. தொடமாட்டேன்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அதற்குள் போன் அடித்தது.

போனைப் பிடிக்க வேண்டியது நான். வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. திரையில் கிரெக் என்று ஒருத்தர் வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. சாம்சன் அவருடைய மில் இங்கிலீஷில் வணக்கம் சொன்னார். பேரிங் தேய்ந்தால் எப்படித் தெரியும், பெல்ட் தளர்ந்தால் என்ன செய்வாய் என்று வாய்க்கேள்வி நடந்தது. பேரிங் போகிற சத்தத்தை சாம்சன் வாயாலேயே போட்டுக் காட்டினார். முதலில் ஒரு சத்தம், ஒரு வாரம் கழித்து வருகிற சத்தம் இன்னொன்று. கிரெக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இரண்டாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். ஆஸ்திரேலியா போகிற வழி இவ்வளவு கோமாளித்தனமாக இருக்கும் என்று ஜெயசித்ரா எனக்குச் சொல்லவே இல்லை.

பிறகு கிரெக், "மெஷினைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். மாலை, பொட்டு, வாழைக்கன்று, சுவிட்ச். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"சுவிட்சில் என்ன அடையாளம்?"

"சந்தனம் சார். இன்றைக்கு இந்தச் சுவிட்சை யாரும் போடக்கூடாது."

"யாருமே? உங்கள் மேனேஜர்?"

"அவரும் போடக்கூடாது சார்."

"முதலாளி?"

"முதலாளிதான் பொட்டு வைத்தார் சார்."

"கருவிகள்?"

"எல்லாம் எண்ணி அந்த இலையில் வைத்திருக்கிறோம். நாளைக் காலைவரை யாரும் எடுக்கக்கூடாது."

கிரெக் எதையோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "மிஸ்டர் சாம்சன், உங்கள் விண்ணப்பம் இதில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் அந்தச் சுவிட்சைப் போட்டுக் காட்டுங்கள், போதும்."

"மன்னிக்கணும் சார், முடியாது."

"அங்கே வேறு யாரும் இல்லையே?"

"இல்லை சார். முடியாது."

என்னால் தாங்க முடியவில்லை. விதியாவது ஒண்ணாவது! "போட்டுத் தொலைங்களேன்! ஒரு நிமிசந்தான கேக்காரு! யாரு பார்க்கப் போறா?" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். போன் ஆடி, வாழைக்கன்று, கூரை, என் கால் என்று எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

"யார் அது?" என்றார் கிரெக்.

"என் மனைவி சார்."

"அவர் உங்கள் சூப்பர்வைசரா?"

சாம்சன் யோசித்துவிட்டு, "வீட்டில் மட்டும் சார்" என்றார். சுவிட்சைத் தொடவில்லை. கிரெக் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டேன், பேசவில்லை. மூன்று பொட்டலம் பொரியையும் நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன், கோபத்தில்.

பத்தாவது நாள் சாயங்காலம் மெயில் வந்தது. சாம்சன் வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே வாசித்தேன்.

"விண்ணப்பதாரர் ஃபிட்டர் தொழிலுக்குத் தகுதியானவர். தொழில் அறிவு நன்று. பாதுகாப்பு நடைமுறை மிகச் சிறப்பு. நிறுத்திய இயந்திரத்தின் சுவிட்சில் தெளிவான தடை அடையாளம், எண்ணி ஒதுக்கிவைத்த கருவிகள், முதலாளியும் மீற முடியாத ஒழுங்கு ஆகியவற்றை இந்த ஆண்டு வேறு எந்தத் தேர்விலும் நான் காணவில்லை. நானே வற்புறுத்திச் சோதித்தேன், அவர் இணங்கவில்லை. சுவிட்சைப் போட்டிருந்தால் அந்தக் கணமே தகுதியிழந்திருப்பார். படம்பிடித்த பெண்மணி விதியை மீறச் சொல்லிக் கடுமையாக நிர்ப்பந்தித்தார். அதற்கும் அவர் இணங்கவில்லை. அந்தப் பெண்மணிக்குப் பாதுகாப்புப் பயிற்சி பரிந்துரைக்கிறேன்."

நான் கூவினேன். அடுத்த வீட்டு அய்யம்மாள் அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அவள் போன பிறகுதான் சாம்சனைப் பார்த்தேன். வாளிப் பக்கத்தில், ஈரக்கையைத் துடைக்காமல், குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"ஃபெயில் ஆக்கிருவாருன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தேதி நீ போடும்போதே தெரியும், அன்னைக்கு பூஜைன்னு. சொல்லல. சாமானைத் தொட முடியாது, அந்தாளு போப்பான்னுருவாரு, உங்கிட்ட நான் போகமாட்டேன்னு சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். தொடக்கூடாதுன்னு சொன்னது பொய்யில்ல பரிபூரணம். ஆனா அம்புட்டு தைரியம் வந்தது அதனாலதான்." கையை உதறினார். "இங்க மெஷின் நின்னா சாம்சனைக் கூப்பிடுங்கன்னு எம்பேரைச் சொல்லுதாக. அங்க போயி நான் யாரு?"

யாருக்கும் என்னைத் தெரியாத இடத்துக்காக நான் இத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். அந்த இடத்தை நினைத்து இந்த மனுசன் இத்தனை வருஷம் பயந்திருக்கிறார். ஒரே பாயில் படுத்துக்கொண்டு.

கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். "அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டு சுவிட்சைப் போட்டிருந்தா ஃபெயிலாயிருப்பீங்க! கல்யாணமாகி ஒரு நாள், ஒரே ஒரு நாள், எம்பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. தங்கச்சியைக் கேட்டிருக்கிறேன், ஏஜென்டைக் கேட்டிருக்கிறேன், கம்ப்யூட்டரைக்கூடக் கேட்டிருக்கிறேன். இவரைக் கேட்டதே இல்லை. சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன்.

"போலாமாங்க?" என்று கேட்டேன். பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.