பன்னிரண்டு முழ மேலங்கி

"நாலாவது இடம் எதுக்குன்னு சொல்லு பாக்கலாம்" என்று ரஞ்சித் அன்றைக்குக் கேட்டான்.

கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்திருந்தான். ஷோபனா அவன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல நாலாவது?"

"ஒரு வெப்சைட்டுல போட்டுக்கிறான். 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து சரித்திரக் காதல் தொடர்கள்.' மொத மூணும் கொரியாக்காரன், துருக்கிக்காரன், அப்புறம் ஒரு இந்தி. நாலாவது நம்மளுது."

"நெசமாவா? படிங்க."

"'கதை பழசுதான். ஆனால் ஆடைகளுக்காகவே பார்க்கலாம்.' கேட்டியா? உன்னியத்தான் சொல்றான்."

"என்னிய எங்க சொன்னான்? டிசைனர் மேடத்தச் சொல்றான். நான் ஊக்கு குத்தறவ."

"இரு, இன்னும் கீது. 'பத்தொன்பதாவது பகுதியில் இளவரசன் மழையில் நடந்து போவதைப் பாருங்கள். அந்த முதுகு பேசுகிறது.'" அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "யார் முதுகு?"

ஷோபனா தைலக் கையோடு அந்த முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இந்த முதுகுதான். நாலு மாசமா தைலம் குடிக்கிற முதுகு."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவள் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டாள். குதிரையிலிருந்து விழுந்து பிசகிய தோள் அது. கை மேலே தூக்கினால் இன்றும் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கதாநாயகனுக்குப் பதிலாக விழுவதும், எரிவதும், நனைவதும்தான் அவன் தொழில். ஆறு வருட மணவாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை முறை விழுங்கியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

விழுங்கக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவன் சொன்னான்: "எங்க வூட்ல, ஊர்ல, கூடப் படிச்சவன், எல்லாரும் வேணாம் வேணாம்னுதான் சொன்னாங்க ஷோபா. சொல்லாதவ நீ ஒருத்திதான்." அவ்வளவு ஆசையாகச் சொன்னான். பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டது போல ஆகிவிட்டது அவளுக்கு. அது போதாதென்று, அடுத்த வருடமே வேறொரு படப்பிடிப்பில் இன்னொரு டூப்பின் மனைவி தீக்காட்சிக்கு முன்னால் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்தப் பட்டியல் வந்த மறு வாரமே தொலைக்காட்சிக்காரர்கள் 'பேசும் முதுகு' என்று சுவரொட்டி அடித்துவிட்டார்கள். அடுத்து என்ன என்று யோசித்த இயக்குநருக்கு ஆறு நினைவுக்கு வந்தது. அக்கரையில் காதலி காத்திருக்கிறாள். இளவரசன் ஆற்றில் இறங்கி நடக்கிறான். அவனுக்குப் பின்னால் செக்கச் சிவந்த மேலங்கி தண்ணீர் முழுக்க விரிந்து வருகிறது. கதாநாயகனுக்கு நீச்சல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, முதுகுதானே.

இப்படித்தான் ஐப்பசி மாதத்தில் அந்தக் குழு ஜவ்வாது மலை ஏறியது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, கோபால்சாமி என்பவரின் சாமை நிலத்து ஓரத்தில் கூடாரங்கள் போட்டார்கள். நிலத்தை ஒட்டியே ஆறு. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, நடுவில் ஓரிடத்தில் மட்டும் இடுப்பளவு. கரையில் ஒரு தட்டைப் பாறை. மூன்றாம் நாள் காலை அதன்மேல் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

மேலங்கி பன்னிரண்டு முழம். ரத்தச் சிவப்பு வெல்வெட், உள்ளே பட்டு, நான்கு விரல் அகலத்துக்குச் சரிகைக் கரை. விரிந்தபடி மடங்காமல் இருக்க ஓரமெல்லாம் பித்தளைப் பூக்கள். முந்தின நாள் சாயங்காலம் ஷோபனா அதன் ஒரு நுனியை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. நுனிக்கே இரண்டு கை.

"ஏங்க, நனைஞ்சா ரொம்பக் கனக்குதுங்க" என்றாள் அவனிடம்.

"ஒரே டேக்கு. பத்து நிமிஷம்." அவன் கையில் ஒரு தாள் இருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. "'அண்ணா, இந்தக் கோட்டையை நான் காப்பேன்.' எப்டி இருக்குது? 'காப்பேன்'ல கொஞ்சம் நிறுத்தணுமா?"

ஆற்றுக் காட்சி நன்றாக வந்தால் தளபதியின் தம்பி வேடம் அவனுக்கு என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நான்கு பகுதிகள். முகத்தோடு, வசனத்தோடு. மூன்று நாளாக அவன் அந்தத் தாளோடுதான் தூங்கினான்.

"நிறுத்துங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ஷோபனா.

தோல் கவசம் கதாநாயகனின் அளவுக்குச் செய்தது. ரஞ்சித் மெலிந்தவன். கொக்கி மாட்டினால் முதுகில் தெரியும் என்பதால், கவசத்தை அவன் உடம்பில் வைத்தே முதுகுப் பக்கம் தைத்து மூட வேண்டும். மேலங்கியை அதன் தோள்களோடு சேர்த்துத் தைக்க வேண்டும். உடம்பில் போட்டபடி துணி தைத்தால் ஆகாது என்று கண்ணமங்கலத்தில் அவள் அம்மா கத்துவாள். இந்தத் தொழிலில் அதெல்லாம் பார்க்க முடியாது. ஆனாலும் தைக்கும்போது தோஷம் கழிய ஒரு துண்டு நூலை அவன் பல்லிடுக்கில் கொடுத்துவிடுவாள். அவனும் சிரிக்காமல் கடித்துக்கொள்வான்.

முதல் டேக் பதினொன்றரை மணிக்கு. இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை மேலங்கிக்குள் மறைத்து அவனை இறக்கினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் மேலங்கி விரிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அத்தனை அழகு. பத்து எண்ணுவதற்குள் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். தோளில் தையல் விட்டது. மேலங்கி மட்டும் தனியாக, யாரோ படுத்துக்கொண்டு போவது போல, ஆற்றோடு போயிற்று.

"கட்! கட்! எவய்யா தைச்சது அத?"

நான்கு பேர் தண்ணீரில் ஓடி இழுத்துக் கரையேற்றினார்கள். டிசைனர் மேடம் ஷோபனாவைப் பார்த்த பார்வையில் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கயிறும் தெரியுது. ட்ரோன் ஷாட்ல பாம்பு மாதிரி பின்னாலயே வருது. அடுத்த டேக்குல கயிறு வேணாம். தையல் மட்டும் ஒழுங்கா போடச் சொல்லுங்க."

ரஞ்சித் சொட்டச் சொட்டக் கூடாரத்துக்குள் வந்தான். தோளில் தொங்கிய நூலைப் பிடித்து முனையைப் பார்த்தான். ஆறு வருடமாக அவள் தைப்பதைப் பார்க்கிறவன்.

"அறுந்துபோன நூலு இல்ல இது. முடிச்சே போடல நீ."

ஷோபனா துண்டை நீட்டினாள்.

"உன்னத்தான் கேக்கறேன். வேணும்னேதான் போடலயா?"

"கனம் இழுத்தா கழண்டுக்கட்டும்னு பார்த்தேங்க."

"யார் கேட்டா உன்ன?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த ஆளு இப்ப வேற எவனுக்காவது அந்த வேஷத்தக் குடுத்துட்டா? பன்னெண்டு வருஷம் ஷோபா. எங்க அம்மா எம் மூஞ்சிய டீவில ஒரு தபா பாக்கணும்னு கேக்குது. முதுகக் காட்டி எத்தினி நாளு ஏமாத்தறது?"

அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"இறுக்கித் தை. தோல் தைக்கிற மெழுகு நூலு வச்சிருக்கியே, அதப் போடு. ரெட்டையா போடு. நான் பாக்கறேன்."

வாணியம்பாடியில் வாங்கிய நூல் அது. கையால் இழுத்து அறுக்க முடியாது. அவள் கவசத்தின் முதுகையும் அந்த நூலாலேயே மறுபடி தைத்து மூடினாள். தோளில் மேலங்கியை வைத்து ரெட்டை நூலால் தைத்தாள். ஒவ்வொரு முடிச்சையும் அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கொடுத்த நூல் துண்டைக் கடிக்க மறந்துவிட்டான். அவளுக்கும் அதை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. நனைந்த வெல்வெட்டின் குளிர்ச்சி விரல் வழியாக ஏறியது. இனி இந்த உடுப்பிலிருந்து அவனை வெளியே எடுக்கக் கத்தரிக்கோல் வேண்டும், கத்தரிக்கத் தெரிந்த கை வேண்டும், கொஞ்சம் நேரமும் வேண்டும்.

வெளியே கோபால்சாமியின் குரல் கேட்டது. உதவி இயக்குநர் வெற்றிவேலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெரிய சாரு கிட்ட சொல்லு. மேல கொட்டுது."

"எங்கண்ணா கொட்டுது? மண்ட பொளக்கற வெயிலு."

"இங்க வெயிலுதான். மேல பாரு, மலை தெரியுதா? காலையில தெரிஞ்சிச்சி இல்ல? எங்க மச்சான் போன் பண்ணான், அங்க பள்ளம் ரொம்பிப் போச்சாம். அது இங்க வர ஒரு மணி நேரம்னு வச்சிக்கோ. முக்காலும் ஆவலாம்."

"ஒரே டேக்குண்ணா. இருபது நிமிஷம்."

"ஆத்துக்கு உன் டேக்கு தெரியுமா? எங்க மாடு ரெண்டு போச்சுது போன வருஷம். அதுங்களுக்கு நாலு காலு. மேல போர்வ கூட இல்ல."

வெற்றிவேல் சிரித்துக்கொண்டே மானிட்டர் பக்கம் போனான். அவன் சொன்னானா என்று தெரியவில்லை. இயக்குநர் வானத்தைப் பார்த்து, "இந்த வெயிலு இருக்கறப்பவே எடுத்துடணும்பா, சீக்கிரம்" என்றது மட்டும் கேட்டது.

ஷோபனா ரஞ்சித்தைப் பார்த்தாள். அவனும் கேட்டிருக்கிறான். கேட்காதது போல வாளை எடுத்து இடுப்பில் செருகினான்.

"கேட்டீங்களா, அவரு சொன்னத?"

"முக்கா மணி நேரம்னுதான சொன்னாரு. எனக்குப் பத்து நிமிஷம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோச்சிக்கினியா? முடிச்சிட்டு வர்றேன். சூடா டீ சொல்லி வை."

இரண்டு பேர் மேலங்கியின் நுனியைத் தூக்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் முந்தானையைப் பிடிப்பது போல, அவன் பின்னால் ஆற்றுக்கு நடந்தார்கள். யாரோ அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ரஞ்சித் கூட வெட்கப்படுவது போலத் தலை குனிந்து காட்டினான். கரையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஷோபனா சிரிக்கவில்லை. அவள் தட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பூசணிக்காய் உடைத்தபோது அந்தப் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம் ஈரமில்லாத மணல் இருந்தது. இப்போது மணல் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமம் தடவிய ஒரு பூசணித் துண்டு மெல்ல அசைந்தது. திரும்பியது. பாறையை விட்டு இறங்கி மிதந்து போயிற்று. அடுத்த துண்டும் போயிற்று. தண்ணீர் இன்னும் பெரிதாகக் கலங்கவில்லை, சத்தமும் கூடவில்லை. ஆனால் அடியில் கிடந்த வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. மேலிருந்து ஒரு காற்று வந்தது. உச்சி வெயிலில் அப்படிக் குளிர்ந்த காற்று. அதில் புது மண்ணின் வாசனை இருந்தது. இங்கே ஒரு துளி மழை இல்லை.

அவள் வெற்றிவேலிடம் ஓடினாள். "தம்பி, தண்ணி ஏறுது. சார்கிட்ட சொல்லுங்க."

"அக்கா, நீங்களுமா? ஏற்கனவே உங்க மேல காண்டுல இருக்காரு. ரஞ்சித் அண்ணன் வேஷத்துக்கு நீங்களே உல வச்சிடாதீங்க."

அதுதான் உண்மை. இன்னொரு தடவை அவளால் இந்தக் காட்சி நின்றால் தளபதியின் தம்பி வேடம் போய்விடும். அதற்குப் பிறகு எந்த வேடமும் வராது. பொண்டாட்டி அழுத டூப்பு என்று சென்னை வரைக்கும் பேச்சுப் போய்விடும். அவன் அவளை மன்னித்தாலும் மன்னிக்கலாம். அந்தத் தாளை மடித்து வைக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த முகத்தோடு அவள் மீதி நாளெல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஆனால் அந்த முடிச்சுகள் அவள் போட்டவை.

"சைலன்ஸ்! ஃபீல்டு க்ளியர் பண்ணுங்க!"

ரஞ்சித் தண்ணீரில் நின்றான். காலையில் கணுக்கால் நனைந்த இடம் அது. இப்போது முழங்காலுக்கு மேல். அவன் குனிந்து ஒரு தடவை தண்ணீரைப் பார்த்தான், நிமிர்ந்தான். பிசகிய தோளை உள்ளே இழுத்து, இளவரசனைப் போல நெஞ்சை விரித்தான். மேலங்கியைப் பிடித்திருந்த இருவரும் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரைக்கு ஏறினார்கள்.

"ரோலிங்."

ஒரு பச்சைப் புளியங்கன்று, இலையும் வேருமாக, மேல் வளைவிலிருந்து வேகமாக வந்து அவன் பக்கத்தில் சுழன்று போயிற்று. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆக்‌ஷன்!"

அவன் முதல் அடி வைத்தான். இரண்டாவது அடி. ஷோபனாவின் கால்கள் கரையை விட்டு இறங்கியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. செருப்பு ஒன்று தண்ணீரோடு போயிற்று. மணிக்கட்டில் ஊசி குத்திய பஞ்சு உருண்டையோடு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு, அவள் நேராகக் காட்சிக்குள் போனாள்.

"ஏய், ஃபீல்டு! ஃபீல்டுல யாரு அது?"

"ஷோபனா! அறிவு கீதா உனக்கு? வெளிய வா!"

"கட் பண்ணாதீங்க... ஐயோ, கட், கட்!"

தண்ணீர் அவள் முழங்காலை இழுத்தது. சற்று முன்வரை குளிராக மட்டும் இருந்த தண்ணீருக்கு இப்போது ஒரு பிடி வந்திருந்தது. அவள் மேலங்கியின் சரிகைக் கரையை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தாள். அவன் தடுமாறித் திரும்பினான். கோபமா பயமா என்று தெரியாத ஒரு முகம்.

"இன்னா பண்ற ஷோபா? போ கரைக்கு. எல்லாத்தையும் கெடுத்துடாத, போ!"

மேல் வளைவுக்கு அப்பாலிருந்து, லாரிகள் வரிசையாக மலை ஏறுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் ரோடே கிடையாது.

அவள் பிடித்த சரிகைக் கரையை விடவில்லை. ஆறு வருடம் உள்ளேயே இருந்த குரல் அவளுக்கே பழக்கமில்லாத குரலாக வெளியே வந்தது. கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"வேணாங்க. இந்த வேலை வேணாம் நமக்கு. என்கூட வூட்டுக்கு வந்துடுங்க."