புனுகுக்கு அடுத்த சொல்

1
இந்தக் கதை என் பிழையில் பிறந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடைப் பலகையில் கன்னடத்தில் ‘ஆளு பேகு’ என்றிருந்தது. ஆள் வேண்டும் என்று பொருள். நான் ‘ஆளு பெக்கு’ என்று வாசித்தேன். பெக்கு என்றால் பூனை.

“எந்தப் பூனைம்மா?” என்று கேட்டேன்.

“முதல்ல கண்ணாடி வாங்குங்க சாமி. பூனையை அப்புறம் பாக்கலாம்” என்றார் கடைக்கார கௌரம்மா.

2
‘1913. மகாராஜாவின் வேட்டைக்காட்டில் ஒரு புலி—’

அந்த வரியை அடித்துவிட்டேன். புலியைப் பற்றி எழுத ஆள் உண்டு.

சாமராஜநகர் பக்கத்துக் காடு. காவலன் ஜடையன், கொள்ளேகாலத்துத் தமிழன். எழுத்து தெரியாது. கன்னடத்தில் வந்த உத்தரவைக் குமாஸ்தா பராசரன் வாசித்துச் சொன்னார்: பெரிய மிருகங்கள் போதும்; கீரி, முள்ளம்பன்றி போன்ற சின்னவற்றை ஒழிக்கவும். கடைசி வரி தனியே நின்றது: ‘புனுகு பெக்கு’. புனுகுப்பூனையும் சாக வேண்டும். பராசரன் ‘புனுகு பேகு’ என்று வாசித்துவிட்டார்.

(மேலுகோட்டை வைஷ்ணவர். பெருமாளுக்குப் புனுகு சாத்திப் பார்த்த கண் அப்படித்தான் வாசிக்கும்.)

“புனுகு வேணுமாம் ஜடையா. அதைத் தர்ற பூனையைத் தொடாதே.”

“தொடலீங்க சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டுங்க.”

3
மூன்று மழைக்காலம் போயிற்று. தீயில் கருகிய மலைச்சரிவுக்கு ஜடையன் பராசரனை அழைத்துப் போனான். பாறை ஓரமெல்லாம் இடுப்புயரக் கன்றுகள்.

“தோட்டக்கார மல்லப்பன் தண்ணி ஊத்தியும் ஒண்ணு முளைக்கலீங்க. இந்தப் பூனை பழத்தைத் தின்னுட்டுப் பேண்ட எடமெல்லாம் நாவக்கன்னு, அத்திக்கன்னு. சம்பளமும் கேக்கலீங்க.”

பராசரன் சிரித்தார். ஆபீஸ் திரும்பியதும் அந்த உத்தரவின் கடைசி வரியை மறுபடி வாசித்தார்: பெக்கு. அதன்பின் சிரிக்கவில்லை.

[இங்கே ஒரு குறிப்பு: புலிக்கு மான் வேண்டும், மானுக்கு நிழலும் உதிர்ந்த பழமும் வேண்டும். அந்த மரங்களை நடுவது யார் என்று உத்தரவு எழுதியவர் யோசிக்கவில்லை.]

4
புதுத் துரை வந்தார். அவருக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது. குதிரைக்கு முன்னால் ஒரு புனுகுப்பூனை குறுக்கே ஓடியது. சின்ன மிருகங்களை ஒழிக்கச் சொன்ன பிறகு இது எப்படி என்று கேட்டார்.

“சாமி வாசிச்சபடிதானுங்க தொரை” என்றான் ஜடையன்.

துரை அந்த உத்தரவுத் தாளைப் பராசரனிடம் நீட்டினார். “உரக்க வாசி.”

‘துரை கன்றுகளைப் பார்த்து மனம் இளகி—’

இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் குதிரையை விட்டு இறங்கவே இல்லை.

‘பெக்கு’ என்று வாசித்தால் ஜடையன்மேல் குற்றமில்லை. பராசரனுக்கு வேலை போகும். சரிவில் பொறி வைப்பார்கள். ‘பேகு’ என்றால் எல்லாரும் பிழைப்பார்கள். தினமும் திருமண் இட்டுக்கொள்ளும் ஒருவர் அறிந்தே பொய் சொன்னவராவார்.

பெருமாள் சில நேரம் நம் பிழை வழியாகவும் கருணை செய்வார் என்று நம்புகிறேன். முதல் வாசிப்பு பிழை. இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாதே. அதனால்தான் என் பேனா நிற்கிறது.

தாளை உங்களிடம் தருகிறேன். குதிரை கால் மாற்றி நிற்கிறது. ஜடையன் உங்கள் வாயைப் பார்க்கிறான். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு வாசியுங்கள்:

புனுகு