ஐஸ் பெட்டிக்கு ஒரு கேமரா

"வரட்டும், வரட்டும்... இன்னும் வரட்டும்."

இழவு வீட்டு வாசலில் நின்று இப்படிக் கத்திவிட்டு இன்னாசிராஜ் விசிலும் ஊதுவார். சுரங்கத்தில் டம்பர் லாரிகளுக்குப் பின்னால் நின்று ஊதிய பழக்கம். அவர் ரிடையர் ஆகிவிட்டார், விசில் ஆகவில்லை. பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை ட்ரெயிலரில் ஏற்றி, காரின் பின்னால் கோத்து, வாடகைக்குக் கொண்டுபோவது அவர் மனைவி லிடியாவின் தொழில். ஓட்டுவது லிடியா, ஊதுவது அவர்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு பெரியவர் தாங்கமுடியாமல் கேட்டேவிட்டார். "ஏம்பா, செத்தது ஒருத்தருதான? இன்னும் யாரை வரச் சொல்ற?"

அதே வாசலில்தான் லிடியா பந்தல் காலை இடித்தாள். பந்தல் நிதானமாக உட்கார்ந்தது. அதன் கீழே சம்பந்திமார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க லெஃப்டுன்னு கத்துனீங்க, ஒடிச்சேன்."

"நான் சொன்னது என் லெஃப்டு."

"உங்க லெஃப்டை வச்சிக்கினு நான் என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சாவியைக் குடு. நாளையிலேர்ந்து நான் ஓட்டறேன், நீ வூட்ல இரு."

அதுதான் லிடியாவைச் சுட்டது. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் சின்னப் பசங்களோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கி, தானே தேடிப் பிடித்த தொழில். வீட்டில் உட்கார்ந்து இவர் விசிலைக் கேட்டுக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை.

"கேமரா வைக்கிறேன். அடுத்த சாவுக்கு நீங்க ஊதாம நான் உள்ள வுடறேன். ஒரு கீறல் வுழுந்தாலும் சாவி உங்களுக்கு. வுழலன்னா விசில் எனக்கு."

"காருலதான் கேமரா இருக்குதே."

இருந்தது. ஆனால் ட்ரெயிலரைக் கோத்துவிட்டால் அது பார்ப்பது ட்ரெயிலரின் முன்பக்கத்தை மட்டும்தான். அங்கே பெரிய எழுத்தில் 'அமைதி' என்று எழுதி வைத்திருந்தார்கள். ரிவர்ஸ் கியர் போட்டால் டேஷ்போர்டுத் திரை முழுக்க அமைதி, வெளியே விசில். பக்கத்துக் கண்ணாடிகளில் பெட்டியின் விலாதான் தெரியும்.

மந்தாரக்குப்பத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் அசோக்குமார் வந்தான். ட்ரெயிலரின் பின்னால் ஒரு கேமராவை முடுக்கி, வயரைக் கீழாக ஓட்டி, கொக்கிக்குப் பக்கத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பிளக் வைத்தான். ரிவர்ஸ் போட்டார்கள். திரை நீலமாக நின்றது.

"கம்பெனி கேமராவோட படம் ஒரு சாதிக்கா, கடைக் கேமராவோட படம் வேற சாதி. ஸ்கிரீன் இதை உள்ள சேர்க்காது."

"அட கர்த்தரே, இதுலயுமா?"

"நடுவுல ஒரு பெட்டி வச்சா சேர்த்துக்கும்."

சோற்று டப்பா அளவில் ஒரு பெட்டியை டேஷ்போர்டுக்குள் திணித்தான். படம் வந்தது. லிடியா உற்றுப் பார்த்தாள்.

"புளியமரம் எனக்கு வலப்பக்கம் நிக்குது. இதுல இடப்பக்கம் நிக்குதே?"

அசோக்குமார் தலையைச் சொறிந்தான். "படம் இடவலம் மாறி வருதுக்கா. கேமராகிட்ட ஒரு பச்சை வயர் இருக்கும், அதை வெட்டுனா நேராயிடும்."

அவன் வெட்டுவதற்குள் போன் அடித்தது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பரமசிவம் போய்விட்டார். இன்னாசிராஜுக்குச் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர்.

"வெட்டிட்டுப் போலாங்க."

"பொணம் காத்துக்கினு இருக்குமா? அடுத்த சாவுன்னு சொன்னது நீதான. ஏறு." இன்னாசிராஜ் முகத்தில் ஃபோர்மேன் போன துக்கத்தை விடச் சாவி வரப்போகிற சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பரமசிவம் வீட்டு கேட்டுக்கு ஒரு பக்கம் சிமெண்ட் தூண், மறுபக்கம் பந்தல் கால். அந்தக் காலை ஒட்டி, வாயில் வெற்றிலையோடு ஒரு வரிசைப் பெண்கள். இன்னாசிராஜ் இறங்கி, விசிலைச் சட்டைப்பையில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

லிடியா ரிவர்ஸ் போட்டாள். தூண் திரையில் வலப்பக்கம் தெரிந்தது. அப்படியானால் அது நிஜத்தில் இடப்பக்கம். பெட்டி வலப்பக்கம் போகவேண்டும். ட்ரெயிலர் வலப்பக்கம் போக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். ஆனால் படம் மாறியிருக்கிறதே, அதற்கு எந்தப் பக்கம்? தலை சுற்றியது.

"என்ன, உள்ளயே தூங்கிட்டியா?" என்றார் இன்னாசிராஜ்.

போய்த் தொலையட்டும் என்று கணக்கை விட்டாள். படத்தில் இடப்பக்கம் சந்து இருந்தது. ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே ஒடித்தாள். படம் அந்தச் சந்துக்குள் போனது. வலப்பக்கம் ஒடித்தால் படமும் வலப்பக்கம் வந்தது. பெட்டி தூணையும் தொடாமல் பந்தல் காலையும் தொடாமல் வாசற்படிக்கு நேராகப் போய் நின்றது. வெற்றிலைப் பெண்கள் யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை.

இன்னாசிராஜ் ட்ரெயிலரைச் சுற்றி வந்து கீறல் தேடினார். குனிந்தும் தேடினார்.

பரமசிவத்தின் மனைவி புஷ்பவல்லி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இன்னாசி, நீ வந்துமா விசில் சத்தம் கேக்கல?"

"இல்லைங்கம்மா... இன்னிக்கி வேணாம்னு..."

"நல்லாருப்ப. உன் விசிலாலதான் காது போச்சின்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. இன்னிக்காவது நிம்மதியா படுக்கட்டும்." சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

இன்னாசிராஜ் விசிலை எடுத்து மனைவி கையில் வைத்தார். அவள் அதைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.

பிணத்தை எடுத்தபின் பெட்டி வீடு திரும்பியதும் அசோக்குமார் கட்டிங் பிளேயரோடு வந்தான்.

"வெட்டுடா," என்றார் இன்னாசிராஜ் அவசரமாக. "படம் தப்பா காட்டுது, இடப்பக்கம் எது வலப்பக்கம் எதுன்னே தெரியல."

"ஆமாக்கா, மாறித்தான் வருது," என்றான் அசோக்குமார் லிடியாவிடம். "ட்ரெயிலரும் ஸ்டீயரிங்குக்கு மாறித்தான் திரும்புமா, அதனால ரெண்டும் சேர்ந்து உங்களுக்கு நேராயிடுச்சி. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அஞ்சு நிமிஷ வேலை."

லிடியா பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை உதறிவிட்டு மூடியைத் திறந்து காட்டினாள்.

"அந்தப் பச்சை வயர்ல கை வச்சிப் பாரு தம்பி. பெட்டி இன்னிக்கிக் காலியாத்தான் இருக்குது."