விரிப்பின் மறுமுனை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அடுப்பை அணைத்தோமா என்கிற கவலையைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுங்கள். நின்றபடியே தூங்கிப்போன ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்கிற இடம் ஒன்றிரண்டு வரும். மற்றபடி கனமான கதைதான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் சலவைக்கூடம். எந்தப் பருவத்திலும் அந்த ஜன்னல்கள் வியர்த்துக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள் அவள். இப்போது அவளுடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஈரத்தோடு மலையாக வந்து விழும் விரிப்புகளுக்குள் கையை விட்டால், கண்ணை மூடிக்கொண்டே நாலு மூலையையும் பிடித்து வெளியே இழுத்துவிடுவாள். அதனால் அவளுக்கு 'நாலுமூலை' என்று பேர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

அவளுக்கு ஜோடி 'சாட்டை'. நாலுமூலையை விடச் சில வயது மூத்தவள். விரிப்பை உதறினால் கூடமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதற்காக வைத்த பேர் என்பார்கள். அவள் நாக்கைப் பார்த்து வைத்தது என்பவர்களும் உண்டு.

இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கிற இஸ்திரி ரோலரின் வாயில் விளிம்பைக் கொடுக்க வேண்டும். அது இழுத்து, தேய்த்து, மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் துணியாலேயே பேசிக்கொள்வார்கள். ஒரு சுண்டு சுண்டினால், 'நான் விடறேன், நீயும் விடு.' இரண்டு சுண்டினால், 'பொறு.' மூலையை விரல் நுனியில்தான் பிடிக்க வேண்டும், கையில் சுற்றவே கூடாது. ரோலருக்குத் துணி எது, தோல் எது என்று தெரியாது. சேர்ந்த முதல் நாளே நாலுமூலைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் சாட்டைதான்.

சரி, இனிமேல்தான் கதை.

நாலுமூலைக்கு மாதவிலக்கு நிற்கிற வயது. நிற்பதற்குப் பதிலாக, வந்தால் போக மாட்டேன் என்று அது உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி ஏறினால் காது அடைத்தது. கண்ணுக்குக் கீழே வெள்ளைக் காகிதம் ஒட்டின மாதிரி வெளுப்பு. லேடி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "கர்ப்பப்பையில கட்டிம்மா. பயப்படற கட்டி இல்ல, ஆனா உன் ரத்தத்தையெல்லாம் அதுதான் குடிக்குது. எடுத்துடணும். அப்புறம் ரெண்டு மாசம் எந்தக் கனமும் தூக்கக்கூடாது."

"ரெண்டு மாசமா?" என்று சிரித்தாளாம் நாலுமூலை. வேறு யாரையோ பற்றிய வேடிக்கைப் பேச்சு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமனார். பக்கவாதத்தில் பாதி உடம்பும் பாதிப் பேச்சும் போனவர். ராத்திரி அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று அவர் கட்டிலுக்குக் கீழேதான் அவள் பாய். பஸ் ஓட்டுகிற புருஷன். பரீட்சை, பரீட்சை என்று கதவைச் சாத்திக்கொள்கிற மகள். இவர்களில் யாரும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். "அடுத்த மாசம் பாத்துக்கலாமே" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். ஆபரேஷனுக்குக் குறித்த முதல் தேதி மகளின் பரீட்சையில் போனது. இரண்டாவது, மாமனார் கட்டிலிலிருந்து விழுந்ததில் போனது. கையை ஓங்குகிற வீடாக இருந்தால் சண்டையாவது போடலாம். இது நல்ல வீடு. நல்ல வீட்டில் எப்படிச் சண்டை போடுவது?

"எல்லாம் வயசுதான். எனக்குந்தான் இடுப்பு வலிக்குது" என்றார் புருஷன்.

"இரும்பு மாத்திரை சாப்பிடும்மா" என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் யாருக்கும் தெரியாதது சாட்டைக்குத் தெரிந்தது. விரிப்பின் மறுமுனை அவள் கையில்தானே இருந்தது.

"அடியே, உன் பக்கம் துணி செத்துக் கிடக்குடி."

"மாத்திரை சாப்பிடறேன்க்கா."

"சாப்பிடறியா, பாத்துட்டு வெச்சிடறியா?"

மூன்றாவது தேதியும் தவறியது. புருஷனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்று நாலுமூலை வந்து சொன்ன அன்று, சாட்டை துணிவண்டியைக் காலால் எட்டித் தள்ளினாள். "உன்னை இதே பெட்ஷீட்ல சுத்தித்தான்டி எடுத்துட்டுப் போவாங்க. அதையும் நாந்தான் துவைக்கணும். கறை போகலைன்னு சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுவான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலுமூலையும் சிரித்தாள். ஆனால் அவள் சொல்லாமல் மறைத்த ஒன்று இருந்தது. விரலில் பிடி நிற்கவில்லை. ஈர விரிப்பின் கனம் மூலையை உருவிக்கொண்டு போனது. சில நாளாகவே அவள் மூலையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தாள். ரோலர் இழுக்கும் முன் அவிழ்த்துவிடலாம் என்று ஒரு தைரியம். அவிழ்த்தும் வந்தாள்.

ஒரு முற்பகல், உதறிவிட்டு ரோலர் பக்கம் திரும்புகிற அந்த இரண்டு எட்டில், அவள் தூங்கிப்போனாள். கண் திறந்தபடி இருந்தது, கால் நடந்தது. கை மட்டும் பழக்கத்தில் ஒரு சுண்டு சுண்டியது.

சாட்டை தன் முனையை விட்டாள்.

ரோலர் விளிம்பைக் கவ்வியது. மணிக்கட்டில் சுற்றிய துணி இறுகி நாலுமூலையை முன்னால் இழுத்தது. விழித்தவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை, கத்தக்கூடத் தோன்றவில்லை. முழங்கால் உயரத்தில் நிறுத்தக் கம்பி ஒன்று உண்டு. சாட்டை அதை இடித்தாள். ஆனால் இடித்த மாத்திரத்தில் அந்த ரோலர் நிற்காது, ஒரு முழம் ஓடித்தான் நிற்கும். அந்த ஒரு முழத்துக்குள் நாலுமூலையின் கை இருந்தது. சாட்டை தாவி, ஓடுகிற துணியை ரோலர் மேலேயே உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். துணி வழுக்கி நின்றது. ரோலரும் நின்றது. சாட்டையின் கை மட்டும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாடையை நான் சொல்ல மாட்டேன்.

அவசரப் பிரிவில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெளுத்துக் கிடந்தபோதும் சாட்டைக்கு வாய் அடங்கவில்லை. "ஆஸ்பத்திரியிலேயே வேலை பாத்ததுல இது ஒண்ணுதான் லாபம். ஆட்டோ செலவு மிச்சம்." பிறகு மெதுவாக, "நீ சுண்டினியேடி. நீ சுண்டினா நான் என்னைக்குமே சந்தேகப்பட்டதில்ல" என்றாள். அப்போதுதான் நாலுமூலையின் மணிக்கட்டில் வளையம் போலக் கன்றியிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"சுத்தினியா?"

"பிடிக்க முடியலக்கா."

சாட்டை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நாலுமூலை தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடந்தது. "ஏன் லேட்டு? அப்பாவுக்கு இன்னும் துணி மாத்தல" என்றார் புருஷன்.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு நான் அட்மிட் ஆகறேன்."

"நாளைக்கா? என் ஷிப்ட்..."

"வேலையில நின்னுக்கிட்டே தூங்கிட்டேங்க. என்னால ஒருத்தியோட கை வெந்து போச்சு."

அவர் மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது. "அப்போ அப்பாவை யாரு பாக்கறது?"

"அவர் உங்க அப்பா" என்றாள் நாலுமூலை.

குரலை உயர்த்தவில்லை. மகளின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, மகளின் கட்டிலில் படுத்தாள். "அம்மா! என் புக்கெல்லாம் உள்ள இருக்கு!" என்று மகள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். உள்ளே குறட்டைச் சத்தம்தான் கேட்டது.

ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது. வீடு உடனே திருந்திவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். குழம்பில் உப்பில்லை, வீட்டில் பேச்சில்லை. ஒருநாள் பட்டப்பகலில் மாமனார் "ம்மா... ம்மா..." என்று அழ ஆரம்பித்தார். நனைந்துவிட்டார் என்று அந்தக் குரலிலேயே அவளுக்குத் தெரியும். முதுகில் புண் வந்திருப்பதும் தெரியும். மகளின் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். எத்தனையோ மூட்டை தூக்கியவள், எழுந்திருக்காமல் கிடந்த அந்த நேரத்தைப் போலக் கனமான ஒரு வேலையை வாழ்நாளில் செய்ததில்லை. அழுகை நின்றது, மறுபடி கேட்டது, தேய்ந்தது. வெகுநேரம் கழித்துப் புருஷனின் காலடி. வாளியில் தண்ணீர் விழும் சத்தம். "திரும்புப்பா... கொஞ்சம் திரும்பு" என்று உடைந்த குரல். நாலுமூலை கையை எடுத்தபோது கட்டில் சட்டத்தின் தடம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. சாட்டையின் உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. அப்போதுதான் அழுதாள்.

நாட்கள் போயின. ஒரு மத்தியானம் அவளுக்குப் பசித்தது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துத் தள்ளுகிற பசி இல்லை. சின்ன வயதில் விளையாடிவிட்டு ஓடிவந்தால் வருமே, அந்தப் பசி. சோற்றைச் சூடாகப் போட்டு, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு மொட்டைமாடிக்கு ஏறினாள். சுவரைப் பிடிக்கவில்லை, காது அடைக்கவில்லை. மேலே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கிவந்து, இன்னொரு தடவை ஏறினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று ரோலர் பக்கம் சாட்டை நின்றிருந்தாள். உள்ளங்கைத் தோல் சுருங்கி, விரல்கள் முழுசாக விரியவில்லை. மடிப்பு மேசைக்குப் போகச் சொன்னதற்கு, "மேசையில உக்காந்தா தூங்கிடுவேன். அதுக்கு இங்க வேற ஆள் இருக்கு" என்றாளாம்.

நாலுமூலை குவியலுக்குள் கையை விட்டு மூலைகளை இழுத்தாள். இருவரும் உதறினார்கள். பழைய சத்தம் வரவில்லை. மறுமுனை தொய்ந்தது. சாட்டையின் விரலிலிருந்து மூலை நழுவியது, அவள் குனிந்து எடுத்தாள், மறுபடி நழுவியது. நாலுமூலை இரண்டு சுண்டு சுண்டினாள். பொறு. பின்னால் துணிவண்டிகள் சேர்ந்தன, சூப்பர்வைசர் கத்தினான். அவள் அசையவில்லை. சாட்டை கட்டைவிரலை மடக்கி, மூலையை எப்படியோ இடுக்கிக்கொண்டு, ஒரு சுண்டு சுண்டினாள்.

நாலுமூலை உடனே விடவில்லை. அந்த விரல்களிலிருந்து துணி கழன்றதைக் கண்ணால் பார்த்த பிறகே விட்டாள்.

"என்னடி முறைக்கிற?"

"உன் விரலைப் பாக்கறேன்க்கா."

"பாரு, நல்லா பாரு. நீ பண்ணினதுதானே." சாட்டை அடுத்த விரிப்பை எடுத்தாள். உதறினாள். கொஞ்சம் பொறுத்து, இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உன் பக்கம் துணிக்கு உசுரு வந்திருக்கு."

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியாது. அன்று முழுக்க இருவரும் சேர்ந்து உதறினார்கள், அவ்வளவுதான் தெரியும்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சமைத்தவளுக்கும் சோறு சூடாகக் கிடைக்கட்டும். படுத்தவள் தானாக விழிக்கிற வரை யாரும் எழுப்பாமல் இருக்கட்டும். உங்கள் பக்கம் துணி தொய்ந்தால், மறுமுனையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியட்டும். கை வேகும் முன்பே தெரியட்டும்.