பாங்கு கேட்ட பொம்மை

ஒரு சாண் உயரமுள்ள துணிப்பொம்மை ஒன்று, பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டதும் தானாகவே முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டது. மனிதக் கை எதுவும் படவில்லை. இதை குலாம் ரசூலின் வாயால் கேட்காத ஆள் திருவல்லிக்கேணியில் இனி யாருமில்லை. டீக்கடையில் சொன்னார், மீன் கடையில் சொன்னார், வங்கி வரிசையில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். பத்தாவது தடவை சொல்லும்போது பொம்மை கண்ணையும் மூடித் திறந்தது. இருபதாவது தடவை ஒரு பெருமூச்சும் விட்டது.

கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியது ஒரே ஒருவர்தான், அவருடைய மனைவி அன்வரி பேகம்.

குலாம் ரசூல் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ரத்தம் எடுத்தவர். ஊசியை உருவிப் பஞ்சும் வைத்த பிறகு, "எப்ப சார் குத்துவீங்க?" என்று கேட்டவர்கள் மட்டும் இரண்டு லட்சம் பேர் இருப்பார்கள் என்பார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கைதான் அவரை எதிர் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனது. அங்கே சிம்ரா என்ற பெண், குழந்தை குட்டியோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏழு நிமிஷத்தில் ஒரு பொம்மைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மொட்டைமாடியில் துணி உலர்த்தும் ஜமீலா, அவளுடைய கிளிப்பைத் திருடிக்கொண்டு ஓடும் ஒரு கம்பளிக் காக்கா, கடைசியில் இருவருக்கும் சமாதானம். கதை அவ்வளவுதான்.

ஜமீலாவுக்குக் கம்பி எலும்பு, பஞ்சு உடம்பு, பொத்தான் கண். அவளை ஓர் அரிசியளவு நகர்த்த வேண்டும், கையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி ஓர் அரிசியளவு. இப்படிப் பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு வினாடி. சிம்ராவுக்குக் கை நடுங்கியதால் ஜமீலா குளிர்காய்ச்சல் வந்தவள் மாதிரி நடந்தாள். வேடிக்கை பார்க்க வந்த குலாம் ரசூல், கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் ஜமீலா மூன்று எட்டு வைத்தாள். அதைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். பெற்ற பிள்ளைகள் இருவரும் முதல் எட்டு வைத்தபோது அவர் டியூட்டியில் இருந்தார். யாரோ வந்து சொல்லித்தான் தெரியும். இவள் நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். அன்று மாடிப்படி இறங்கும்போது, சிம்ராவுக்கும் ஆண்டவனுக்கும் மாறி மாறி நன்றி சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலைத் தொழுகைக்குத்தான் திரும்புவார்.

அன்வரி பேகத்தின் வருத்தத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரிட்டயர் ஆகட்டும், சேர்ந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று முப்பத்து நாலு வருஷம் காத்திருந்தவர் அவர். ரிட்டயர் ஆனதும் மனுஷன் ஒரு பஞ்சுப் பொம்மையின் விரலைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? டீயை ஃபிளாஸ்கில் ஊற்றி, அதையும் அன்வரி பேகமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. சிம்ரா அடுத்த படத்துக்கும் குலாம் ரசூலைக் கேட்டிருக்கிறாள், அது ஆறு மாத வேலை என்று தெரிந்ததும் அன்வரி பேகம் ஒரு பந்தயம் வைத்தார்.

"ஒரே ஒருத்தர், ஒரே ஒரு நொடி, அது பொம்மைன்னு மறந்துபோகட்டும். அடுத்த படத்துக்கும் நீங்க போலாம், நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி வூட்டோட இருங்க, என் மூஞ்சியப் பாத்துக்கினு."

ஒருத்தர் என்ன, ஒரு லட்சம் பேர் மறப்பார்கள் என்று சொல்லி குலாம் ரசூல் ஒப்புக்கொண்டார்.

கடைசிக் காட்சி எடுத்த நாளில்தான் அந்த அதிசயம் நடந்தது. மறுநாள் காலை படத்தை அனுப்பியாக வேண்டும். மயிலாப்பூரில் குடும்பங்களுக்கான குறும்படத் திரையிடல் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஜமீலா மீட்டு வந்த கிளிப்பைக் கொடியில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் கை பாதி தூரம் நீண்டிருந்தபோது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. சிம்ரா ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். குலாம் ரசூல் எழுந்து தொழப் போனார். திரும்பி வந்தபோது மேஜையோரம் டீ ஃபிளாஸ்க் இருந்தது. குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஜமீலாவின் விரலைத் தவிர வேறெதையும் அவர் பார்க்க மாட்டார். ரத்தம் எடுக்கிறவன் முகத்தைப் பார்த்தால் கை இடறும் என்பது அவருடைய பழைய பாடம்.

சாயங்காலம் சிம்ரா ஓட்டிப் பார்த்தாள். வெறுந்தலையோடு ஜமீலா கிளிப்பை நீட்டுகிறாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் தலையில் முக்காடு! அதற்கப்புறம் எடுத்த நாற்பது படத்திலும் முக்காடுதான். திரும்ப எடுக்க நேரமில்லை.

 முந்தானைப் பக்கம் தன் விரல் போகவே இல்லை என்று குலாம் ரசூல் குர்ஆன் மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார். சிம்ரா கோபப்படவில்லை. அந்த இடத்தையே பத்துத் தடவை ஓட்டினாள்.

"சாச்சா, இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல இன்னா நடந்துச்சு?"

"இன்னா நடக்கும்? பாங்கு சொன்னாங்க. தொழுதுட்டு வந்தேன்."

 வெறுந்தலையோடு இருந்த கடைசிப் படத்தை சிம்ரா முப்பத்தாறு தடவை அடுத்தடுத்து ஒட்டினாள். அந்த மூன்று வினாடிக்கு அடியில், தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி மெல்லிய பாங்கு ஒலியைச் சேர்த்தாள். இப்போது ஓட்டினால், கிளிப்பை நீட்டிய ஜமீலா அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். முக்காடு ஏறியது. விட்ட வேலையைத் தொடர்ந்தாள். குலாம் ரசூலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் காலையிலிருந்து ஊர் முழுக்க நியூஸ் அதுதான்.

"பொம்மையாவது முக்காடாவது" என்று அன்வரி பேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் அரங்கில் ஐயாயிரம் பேர் இருந்ததாகப் பிற்பாடு குலாம் ரசூல் சொன்னார். நாற்காலி எண்பது. காக்கா கிளிப்பைத் தூக்கியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜமீலா நின்று கேட்டபோது அரங்கம் அமைதியானது. முக்காடு ஏறியதும் முன்வரிசையில் ஒரு குழந்தை "அய்" என்றது. கடைசியில் பெயர்கள் வந்தபோது குலாம் ரசூலுக்குக் கண் மறைத்துவிட்டது. அன்வரி பேகம்தான் வாசித்துச் சொன்னார்: "ஜமீலாவின் நடை, குலாம் ரசூல்னு போட்டிருக்கு."

வெளியே வந்ததும் குலாம் ரசூல் வாசலை மறித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் படம் எப்படி என்று கேட்டுப் பார்த்தார். எல்லாரும் கையைக் குலுக்கினார்கள். பொம்மை பிரமாதம் என்றார் ஒருவர். பொம்மைக்கு உடை யார் தைத்தது என்று கேட்டார் ஓர் அம்மாள். இந்தப் பொம்மை கடையில் கிடைக்குமா என்றது முன்வரிசைக் குழந்தை. எண்பது பேரும் மனசாரப் பாராட்டினார்கள், எண்பது பேரும் பொம்மை என்று சொல்லித்தான் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் குலாம் ரசூலின் முகம் ஒரு சுற்று சின்னதாகிக்கொண்டே போனது.

ஆட்டோவில் ஏறியதும் அவரே பேச்சை எடுத்தார்.

"தோத்துட்டேன் அன்வரி. நாளைக்கே சிம்ராகிட்ட சொல்லிடறேன். எனக்கு ஒண்ணும் குறையில்ல. ரிட்டயர் ஆன கையி, மூணு மாசம் ஒரு உசுர நடக்கவெச்சுது. அது போதும், அல்ஹம்துலில்லாஹ்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்வரி பேகத்துக்கு வெற்றிதான். ராயப்பேட்டைத் திருப்பம் வரைக்கும் மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"அன்னிக்கி டீ கொண்டாந்தேன். நீங்க இல்ல," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "பாங்கு கேட்டுக்கினு இருந்துச்சு. நான் தலையில துணிய இழுத்துக்கினேன். பக்கத்துல இவ வெறுந்தலையா நிக்கிறா. கையில கிளிப்பு, அவ எப்பிடி இழுத்துக்குவா? நான்தான் இழுத்து வுட்டேன்."

குலாம் ரசூல் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.  

"அப்ப, அது பொம்மைன்னு உனக்கு..."

"ஞாபகமே வரல. அந்த ஒருத்தர் நான்தான், போதுமா? நடந்துச்சு. நீங்க சொன்னது நடந்துச்சு."